முந்திரித் தோப்பில் நான் சொல்லாமல் விட்டது

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. கணவரின் நண்பர் கூப்பிட்டார் என்று, பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி, ஆண்டிமடம் பக்கத்தில் அவருக்கு இருந்த முந்திரித் தோப்புக்கு இரண்டு குழந்தைகளுடன் போயிருந்தோம்.

அங்கே பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை என்ற கூலிப்பெண், என் நான்கு வயது மகள் கவிதாவின் கையிலிருந்த பச்சைக் கொட்டையைச் சட்டென்று பிடுங்கினாள். குழந்தை வீறிட்டு அழுதாள்.

"ஒரு கொட்டைக்காகப் புள்ளைய அழ வைக்கிறியே!" என்று சீறினேன்.

"இல்லிங்கம்மா, தோல்ல இருக்குற எண்ணெ பட்டா வாயி வெந்துடுங்க."

சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொட்டையை வாங்கி நானே கவிதாவிடம் கொடுத்தேன். அவள் உடனே அதைக் கடித்துவிட்டாள். உதடும் நாக்கும் கொப்பளித்து, துடித்து அலறினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த நண்பர், "புள்ளைக்குப் பச்சக் கொட்டையவா குடுத்தே?" என்று அஞ்சலையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"நான் குடுக்கலிங்க" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து விரட்டிவிட்டார்.

கவிதாவின் புண் ஆறப் பத்து நாள் ஆனது. அதிலிருந்து, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்காமல் குழந்தைகள் கையில் எதையும் கொடுப்பதில்லை.

கவிதா இப்போதும் தன் பழைய பள்ளித் தோழிகளிடம், "ஒரு வேலைக்காரி குடுத்துதான் கடிச்சேன்" என்று கதை சொல்கிறாள். பக்கத்தில் இருந்து கேட்டும், நான் இன்னும் அவளைத் திருத்தவில்லை.

- ஒரு வாசகி, பெரம்பலூர்