மாமன் மடிக்குப் போட்ட கஞ்சி

எனக்குத் தொண்ணூறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறில் மூத்தவன் என் வயிற்றில் பிறந்தவன் அல்ல, என் தம்பி. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியாது என்பதால் மூன்றாம் வகுப்போடு நின்றேன். அதனால் என் எழுத்து மெதுவாகத்தான் வரும். காப்பி குடித்த பிறகு ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று இந்த நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

அந்தத் தம்பி கப்பல் பட்டாளத்துக்குப் போனான். கடலையே பார்க்காத ஊரிலிருந்து கடலுக்குப் போனவன் என்று இன்றைக்கும் நான் சொல்லிக்கொள்வேன். அவன் கப்பலில் நம் பக்கத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் திருக்கோகர்ணத்துக்காரர், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. இன்னொருவர் கோட்டைப்பட்டினத்து முஸ்லிம், மேல்தளத்தில் கயிறும் நங்கூரமும் அவர் பொறுப்பு. மூன்று பேரும் இப்போது இல்லை. ஆனாலும் மூன்று வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும் மற்ற இரண்டு வீடும் முன்வரிசையில் இருக்கும். சாப்பிட்டு வெற்றிலை போட்டால் கப்பல் பேச்சு வந்துவிடும். கப்பலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள்கூட, எந்தப் புயலில் எந்தக் கம்பம் முறிந்தது என்று சொல்வார்கள்.

போன மாதம் திருக்கோகர்ணத்துக்காரரின் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து. வழக்கம்போல, என் மூத்த மகனுக்குக் காது குத்திய கதை வந்தது. கோட்டைப்பட்டினத்துக்காரரின் மகன் என் மகனைக் காட்டி, "எங்க அத்தா மட்டும் அன்னைக்குக் கைய நீட்டலைன்னா, இந்தா உக்காந்திருக்காரே பெரியவரு, மண்ணுலதான் கெடந்திருப்பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். திருக்கோகர்ணத்துக்காரரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கப்பா புள்ளைய நழுவ விட்டாருங்கிறீங்களாண்ணே?"

"அப்படிச் சொல்லலையே தங்கச்சி. எங்க அத்தா புடிச்சாருன்னுதானே சொன்னேன்."

"புடிச்சாருன்னா, விட்டது யாரு?"

என் மகனுக்கு அறுபத்தெட்டு வயது. "விழுந்தவன் நானு, எனக்கே ஞாபகம் இல்லை, ஒங்களுக்கு என்ன?" என்று கேலி பேசிப் பார்த்தான். அந்தப் பெண் பாயசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வந்து உட்காரவே இல்லை. அப்பாவின் பேரைக் காப்பாற்ற ஆளில்லாமல் போய்விட்டதே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அங்கே இருந்தவர்களில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டது ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர். என் மூத்த மகன் பிறந்தபோது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. முதல் வயதில் காது குத்த வேண்டும். குத்தினால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி, அவனோ நடுக்கடலில். அப்பாவும் அதற்குள் போய்விட்டார். என் பிறந்த வீடு என்று சொல்ல அவன் மடி ஒன்றுதான் மிச்சம். அவன் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் வயது வந்தது. சண்டை முடிந்துவிட்டது, வந்துவிடுவான் என்று பங்குனியில் நாள் குறித்தோம். கடுதாசிதான் வந்தது. சண்டை முடிந்தாலும் கடலுக்குள் போட்டு வைத்த வெடிகளை எடுத்து முடிக்கும்வரை அவன் கப்பலை விடமாட்டார்களாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "நாளை மாற்றாதே அக்கா. என்னோடு இருந்த இரண்டு பேருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவர்களிடம் என் கப்பல் உடுப்பைக் கொடுத்து அனுப்புகிறேன். அதை மடியில் விரித்துப் பிள்ளையை உட்கார வை. அது என் மடிதான்."

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை.

"துணி மாமனாகுமா? ஊரு சிரிக்காது? ஒங்கப்பன் பங்காளி வழியில ஒருத்தனக் கூட்டியாந்து உக்கார வையி."

"என் தம்பி இருக்கையில இன்னொருத்தர் மடி எதுக்கு அயித்தை?"

"இருக்கானா? எங்க இருக்கான்? காட்டு பாப்போம்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். மாமனார் அதிகம் பேசாதவர். அன்றைக்கு மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே மாமியாரைக் கேட்டார்.

"ஏ, ஒன்னையக் கட்டிக்கிட்டு வந்தது யாரு?"

"என்ன கேள்வி இது, நீங்கதான்."

"நான் எங்க வந்தேன்? நான் ரங்கூன்ல மூட்ட தூக்கிட்டுக் கெடந்தேன். எங்க அக்கா வளரித் தடிய எடுத்துட்டு வந்து ஒன் பக்கத்துல வச்சு, அவதானே தாலி கட்டுனா? வளைஞ்ச தடி மாப்பிள்ளையாகும், கப்பல் உடுப்பு மாமனாகாதாக்கும்? நாப்பது வருசமா நீ அந்தத் தடியோடயா குடும்பம் நடத்துன?"

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா கோபமா தெரியவில்லை. "இந்த மனுசனுக்குப் பேச்சப் பாரு" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

காதுகுத்துக்கு முதல் நாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். அறந்தாங்கி வரை பஸ், பிறகு கட்டை வண்டி. கையில் வாழைத்தார், தேங்காய், பிள்ளைக்குப் பட்டுத்துண்டு, கடுக்கன். மாமன் சீரில் ஒரு குறை சொல்ல முடியாது. கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒரு ஓலைப்பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாடும் கொண்டுவந்திருந்தார். "சீர்த் தட்டுல வைக்க வேணாங்க்கா, அடுப்படிக்கு வச்சுக்குங்க" என்றார்.

மாமியார் அவரிடம் கேட்டார், "தம்பி, எங்க ஐயனார் கோவிலுக்கு வருவீங்களா?"

"வேப்பமரத்தடி வரைக்கும் வாரேன் ஆத்தா. காது குத்துறது அங்கிட்டுத்தானே?"

அப்படிச் சொன்னதில் மாமியாருக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. இரண்டாவது தோசை அவருக்குத்தான் முதலில் விழுந்தது.

சாப்பிட்ட பிறகு ஒரு கித்தான் பையை என் கையில் கொடுத்தார்கள். "தம்பியோடது. பத்திரங்க்கா" என்றுவிட்டுக் கண்மாய்க்குக் குளிக்கப் போனார்கள். நான் பையைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப் பட்டை, வெள்ளைக் கால்சட்டை. சட்டையும் பட்டையும் சரி, கால்சட்டை மட்டும் குறுக்கே மடிப்பு மடிப்பாக ஓலை விசிறி போல் கிடந்தது. இந்தக் கல்யாணமாகாத பயல்கள் எதன் அடியிலோ வைத்து நசுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், நாளைக்கு ஊர் முன்னால் என் தம்பி மடி இப்படிச் சுருங்கியா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் வளர்த்த பிள்ளையின் துணி. சின்னதில் அவனுக்கு ஒரு சட்டைதான் இருந்தது, அதையும் நான் கசங்க விட்டதில்லை.

கால்சட்டையை உவர்மண் போட்டுத் துவைத்தேன். புழுங்கலரிசிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி முக்கினேன். ஒரு தரம் முக்கியது போதாது என்று தோன்றியது. இன்னொரு தரம் முக்கினேன். பங்குனி வெயிலில் ஒரு நாழிகையில் காய்ந்துவிட்டது. பித்தளைச் செம்பில் கங்கு போட்டு நீவி நீவித் தேய்த்தேன். எடுத்து நிறுத்தினால் ஆள் இல்லாமலே நிற்கும் போல இருந்தது. தென்னம்பாளை மாதிரி ஒரு மினுமினுப்பு.

மறுநாள் காலையில் அதை அவர்கள் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திருக்கோகர்ணத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா வெளுத்திருக்கீங்கக்கா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மரத்தடியில் யார் மடியில் பிள்ளையை வைப்பது என்று அவர்களுக்குள் ஒரு தகராறு.

"வயசுல மூத்தவன் நானு" என்றார் கோட்டைப்பட்டினத்துக்காரர்.

"கப்பல்ல மூத்தவன் நானு. நான் ஏறி நாலு மாசங் கழிச்சுத்தான் நீ ஏணியப் பாத்த. அன்னைக்கு வாந்தி எடுத்தியே, வாளி புடிச்சது யாரு?"

"சரி சரி, அத ஏன் இங்க எடுக்குற? நீயே உக்காரு. நான் பக்கத்துல தட்ட வச்சுக்கிறேன்."

இரண்டு மனைப்பலகையில் அருகருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கால்சட்டையை விரித்ததும் அது மடிக்குள் குழிந்து படியவில்லை. இரண்டு முழங்காலுக்கும் மேலே பலகை போல் நின்றது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கண்ணெல்லாம் பிள்ளை மேல். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, இடுப்பில் பட்டுத்துண்டு கட்டிய பிள்ளையை நான்தான் அதன்மேல் உட்கார வைத்தேன்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். திருக்கோகர்ணத்துக்காரர் இரண்டு கையாலும் பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்திருந்தார். அப்படித்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி இடம் மாறிவிடும். ஊசியை எடுத்துத் தங்கக் கம்பியை மாட்டி ஆசாரி கையைத் தளர்த்தியதும் பிள்ளை வில்லாக வளைந்து ஒரு உதை உதைத்தான். அடியில் கஞ்சி, மேலே பட்டு. வழுக்குப்பாறையில் தண்ணீர் போகிற மாதிரி போனான். கோட்டைப்பட்டினத்துக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, கப்பல் சாயும்போது உருண்டு வருவதைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பழம் எல்லாம் மண்ணில் உருண்டது.

காது குத்துகிற பிள்ளை மாமன் மடியிலிருந்து நழுவினால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். மாமியார் வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது கோட்டைப்பட்டினத்துக்காரர் குரல் கேட்டது.

"எங்க தம்பி மடி பெருசு ஆத்தா. ஒரு ஆளு பத்தாது, ரெண்டு ஆளு அகலம். ஆசாரியாரே, அந்தக் காதை இங்கிட்டு வச்சுக் குத்துங்க!"

மாமனார்தான் முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஆசாரி இடது காதையும் குத்திவிட்டார். திருக்கோகர்ணத்துக்காரர் உடுப்பின் ஒரு முனையைப் பக்கத்து மடியில் போட்டு, மறு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். மாமியார் என்னிடம் வந்து, "ஒனக்குத் தம்பி ஒண்ணுன்னு நெனச்சேன், மூணா?" என்றார். அன்றைக்கு எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

அடுத்த வருடம் தம்பி வந்தான். பிள்ளையின் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பையிலிருந்த கால்சட்டையை எடுத்தான். அது பப்படம் போல் நொறுநொறு என்றது.

"யாருக்கா இதுக்குக் கஞ்சி போட்டது?"

"நாந்தான். கசங்கிக் கெடந்துச்சு."

அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகுதான் சொன்னான். அது கசங்கல் இல்லையாம். கப்பல்காரன் கால்சட்டையைக் குறுக்கே ஏழு மடிப்பாகத்தான் மடிக்க வேண்டுமாம், கடலுக்கு ஒன்றாக ஏழு. அந்த இரண்டு பேரும் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்து அந்த மடிப்பை எடுத்திருக்கிறார்கள். நான் ஒரே மத்தியானத்தில் ஏழு கடலையும் நீவிவிட்டேன். அவர்களோ, அக்கா மனம் நோகக்கூடாது என்று நன்றாக வெளுத்திருக்கிறீர்கள் என்றார்கள்.

பிள்ளை நழுவியது கஞ்சியால்தான் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிராதக்கா. பய தன்னைத் தேடித் தாவி வந்தான்னு கோட்டைப்பட்டினத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். கஞ்சின்னு தெரிஞ்சா அவன் மொகம் வாடிரும்" என்றான். அக்காளும் தம்பியுமாக அதை மறைத்துவிட்டோம். ஒருவர் முகம் வாடக்கூடாது என்று மூடி வைத்தது, இத்தனை வருடம் கழித்து இன்னொருவர் மகளின் முகத்தை வாட்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகையால் இரண்டு வீட்டாரும் கேட்டுக்கொள்ளுங்கள். திருக்கோகர்ணத்துக்காரர் பிள்ளையை விடவில்லை. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்திருந்தார். கோட்டைப்பட்டினத்துக்காரர் பிடித்தது நிஜம். பிள்ளை தாவவும் இல்லை, யாரும் தவறவிடவும் இல்லை. வழுக்கிவிட்டது என் கஞ்சி. வலது காது ஒருவர் மடியில், இடது காது இன்னொருவர் மடியில், இரண்டு மடியிலும் கிடந்தது என் தம்பியின் உடுப்பு. என் மகனுக்கு இரண்டு காதும் இன்றுவரை நன்றாகத்தான் கேட்கிறது.

நோட்டில் இன்னும் நாலு வரிதான் இடம் இருக்கிறது. பேத்தி காலேஜிலிருந்து வந்துவிட்டாள்.

"ஏத்தா, பையப் போட்டுட்டு இங்கிட்டு வா. இத மொதல்லேருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. ரெண்டு வீட்டுக்கும் அனுப்பணும். கஞ்சி வர்ற எடத்துல மட்டும் ஓடாத, மெல்லப் படி. ரெண்டு தரம் முக்குனேன்னு எழுதியிருக்கேனான்னு பாரு."