வரப்பைத் தாண்டாத தண்ணீர்

காலை ஐந்தே கால் மணிக்கு நான் முதலில் பார்த்தது வடிகாலை. வெண்ணாறு வெறும் மணலாகக் கிடந்த வைகாசியில், நீடாமங்கலத்துக்கு வெளியே எங்கள் வயலுக்கு மேற்கே ஓடிய அந்த வடிகாலில் மட்டும் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. யூரியா வாடை மூக்கில் ஏறியது, ஓரமெல்லாம் பச்சைப் பாசி தடித்திருந்தது.

அது மழைத் தண்ணீர் அல்ல, எங்கள் அத்தாவின் தண்ணீர். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். குவைத்தில் குடிதண்ணீரை விலைக்கு வாங்கிக் குடித்துவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பியவர், வயலில் ஆழமாக "போர்" இறக்கி மோட்டார் வைத்ததும், தண்ணீருக்கு விலையே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். எல்லோரையும் போல அவரும் மோட்டாரை "ஆட்டோ"வில் போட்டுவிட்டு வீட்டில் தூங்குவார். கரண்ட் வந்தால் அது தானாக ஓடும், வயல் நிரம்பி வழிந்து வடிகாலில் விழும். வயலில் தண்ணீர் தளும்பி நிற்பதுதான் அந்த ஊர் ஆண்களுக்குக் கௌரவம். "தண்ணி நிக்காத வயலு சட்டை போடாத மாப்பிள்ளை" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பயிருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் வயலுக்குக் கிழக்கே கலியமூர்த்தியின் வயல். அவருக்கு மின் இணைப்பு இல்லை. ஆழமில்லாத "ஃபில்டர் பாயின்ட்" குழாயில் டீசல் என்ஜினை மாட்டித்தான் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். எங்கள் மோட்டார் ஓடஓட அவருடைய குழாயில் தண்ணீர் கீழே போனது. அன்று காலை அத்தா கூட்டாளிகளோடு வயலில் நின்றபோது, கலியமூர்த்தியின் மனைவி தனம் வரப்பில் வந்து நின்றார்.

"பாய், ஒருவேளைக்காவது மோட்டாரை நிறுத்துங்க. எங்க என்ஜின் காத்து வாங்குது, நாத்து கருகுது."

"ஆட்டோவுல கெடக்குதும்மா. அதுவா ஓடுது, நான் என்ன செய்ய?"

"அதுவா ஓடுறத நிறுத்தத்தான பாய் ஆண்டவன் கை குடுத்திருக்கான்? சரி, வடிகாலுக்குப் போறதையாவது இந்தப் பக்கம் விடுங்க. வரப்புல ஒரு கை அகலம் வெட்டினாப் போதும்."

வெட்டியிருந்தால் நாற்று பிழைத்திருக்கும். அத்தா வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வெட்டுவீங்க, நாளைக்கு இது பாத்தியப்பட்ட வாய்க்கால்னு கேஸ் போடுவீங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் கூட்டாளிகள் அந்தச் சாமர்த்தியத்துக்குச் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. "வடிகால் மட்டும் கேஸ் போடாதுங்களா பாய்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கை அகல மண்ணைக் காப்பாற்ற ஒரு வயலையே காயவிட்டதை அவர்கள் விவரம் என்றார்கள். நாற்று அந்த வாரமே கருகியது. ஆடி பிறப்பதற்குள் கலியமூர்த்தி என்ஜினை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

இப்போது அந்தப் பக்கத்தில் ஃபில்டர் பாயின்ட் ஒன்றுகூட இல்லை. எங்கள் போரை இரண்டு முறை ஆழப்படுத்தியாயிற்று. வருகிற தண்ணீர் லேசாக உவர்க்கிறது. எந்நேரமும் தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்து கிளம்பும் வாயு பூமியைச் சூடாக்குகிறது, காயவிட்டுப் பாய்ச்சுங்கள் என்று வேளாண்மைக் கூட்டத்தில் சொல்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள், ஆலைப் புகையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய் மோட்டாரை மறுபடி ஆட்டோவில் போடுகிறார்கள்.

கலியமூர்த்தியின் வயலை மண்ணடித்து மேடாக்கிவிட்டார்கள். அங்கே போர் போடும் லாரிகள் நிற்கின்றன.