மருந்து அவன் வேலை

நண்பன் இறந்த பிறகு, வெரிபீ நகருக்கு அப்பாலுள்ள துப்பாக்கிச் சுடுதளத்துக்கு முதல்முறை தனியே போனேன். குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டு நிரப்பும் இடியன் துவக்கு என்னுடையது. எவ்வளவு மருந்துக்குக் குண்டுகள் குறிக் கடதாசியில் நெருக்கமாக விழுகின்றன என்று நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் சோதித்து வந்தோம். மருந்தளக்க என்னை அவன் விட்டதேயில்லை.

"உன்ர கை நடுங்கும். நீ குண்டை மட்டும் இடி, காணும்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று குளிர்காற்று முகத்தில் அடித்தது. துணி சுற்றிய ஈயக்குண்டைக் கம்பியால் அடிவரை இடித்து, குறிபார்த்து விசையை இழுத்தேன். நெருப்பூட்டும் கேப் மட்டும் 'டப்' என்றது. புகையில்லை, உதைப்பில்லை. இன்னொரு கேப் வைத்தும் அதே கதைதான்.

தளப் பொறுப்பாளரான வெள்ளைக்காரர் வந்து, கம்பியைக் குழலுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். மருந்தே போடவில்லை, மறந்துவிட்டாய் என்று சிரித்தார், எல்லோருக்கும் நடப்பதுதானாம்.

எனக்குச் சினம் வந்தது. நான் எதையும் மறக்கவில்லை. வழக்கம்போல் அவன் போட்டிருப்பான் என்றுதான் குண்டை இடித்தேன்.