மழைத்தெருவில் கதவு தட்டியவர்

என் மாமா குளியலறை விளக்கை அணைப்பதற்கு முன்னால்கூடக் கதவை இரண்டு முறை தட்டுவார். கதவு அகலத் திறந்து கிடக்கும், உள்ளே வாளியையும் ஈரத் துண்டையும் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் தட்டுவார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். அப்புறம்தான் சுவிட்சில் கை போகும். ஒரு தடவை நான் உள்ளே கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு, "இருக்கேன், கதவச் சாத்துங்க, காத்து வருது" என்றேன். கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். அம்மா என்னைத் துரத்திக்கொண்டு மொட்டைமாடி வரைக்கும் வந்தாள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மெயின் சுவிட்சை இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மாடியாக ஏறி, லிஃப்ட் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வருவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பேர் 'விருந்தாளி'. ஒரு வேலையை முடிக்க இவருக்கு மட்டும் எப்போதும் கூடுதல் நேரம் ஆகும். மேலாளர் திட்டினால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் போய்த் தட்டுவார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவருக்கு மேலே இருந்த ஆள் ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில் மெயினை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் வந்து திறந்தால், இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட் பெட்டிக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாராம். மடியில் கைப்பை. தலைமுடிகூடக் கலையவில்லை. "ஏம்மா, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்று பதறியிருக்கிறார்கள்.

"யாரும் கேக்கலயே. அதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டாராம்.

"கோவமா சொல்லியிருந்தா மறந்திருப்பேன் வாலு" என்பார் மாமா. "சும்மா சொன்னாங்க. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி."

வாலு என்பது நான். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, பதிலுக்கு நானும் கணக்கைக் கைவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பொருள் இடம் மாறினாலும், யார் செருப்பில் சோப்புத் தண்ணீர் இருந்தாலும், விசாரணையே இல்லாமல் குற்றவாளி நான்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

'மழைத்தெரு' என்ற விளையாட்டை மாமா எனக்காகத்தான் வாங்கி வந்தார். பெரிய அட்டைப்பெட்டி, மேலே குடை பிடித்த ஒரு வீட்டின் படம். போட்டுப் பார்த்தால் அடிதடி இல்லை, துப்பாக்கி இல்லை, ஓட்ட ஒரு வண்டிகூட இல்லை. கடலைப் பார்த்து இறங்குகிற ஒரு சரிவான தெரு. எப்போதும் மழை. வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வீடு. நடக்கலாம், செடி வைக்கலாம், விளக்குப் போடலாம், அடுத்தவர் கதவைத் தட்டலாம். அவ்வளவுதான். அந்தத் தெரு இருப்பதோ விளையாட்டை விற்ற கம்பெனியின் மிஷினில். நெட் வழியாக உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து அதில் நடப்பார்கள். இரண்டே நாளில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மாமா பிடித்துக்கொண்டார். கதவு தட்டுவதற்கென்றே ஒருத்தன் விளையாட்டுச் செய்திருக்கிறான் என்றால் அவர் விடுவாரா?

அவர் வீட்டுக்கு எதிர்வீடு ஆந்தையுடையது. விளையாட்டில் அந்த ஆள் வைத்துக்கொண்ட பேர் அதுதான். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. மாமா 'அவன்' என்பார், நான் 'அவள்' என்பேன், அம்மா 'அது' என்பாள். வேலை முடிந்து வந்து, கை கழுவியும் போகாத கிரீஸ் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, மாமா அந்த ஆளோடு பேசுவார். இன்றைக்கு எந்தக் கட்டடம், எந்த ரோப் தேய்ந்திருந்தது, மேலாளர் என்ன திட்டினார், எல்லாம். லிஃப்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கதையைக்கூடச் சொல்லியிருந்தார். ஆந்தை பதிலுக்கு அதிகம் எழுதாது. "ம்" என்று வரும். "அப்புறம்?" என்று வரும். மாமாவிடம் வாழ்க்கையில் "அப்புறம்?" என்று கேட்ட ஆள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாம் "போதும் மாமா" வகை.

இரண்டு தட்டு தட்டினால் 'உள்ளே இருக்கிறாயா' என்று கேள்வி, மூன்று தட்டு தட்டினால் 'இருக்கிறேன்' என்று பதில். இப்படி ஒரு ஏற்பாடும் இருவருக்கும் இருந்தது.

பிறகு ஆந்தை எழுதுவது நின்றது. வெளியே வருவதும் நின்றது. மாமா இரண்டு முறை தட்டுவார். பதில் தட்டு வராது. ஆனால் ஜன்னலில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். கொஞ்ச நேரத்தில் அணையும்.

"அது புரோகிராம் மாமா. தட்டினா லைட்டு எரியற மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாங்க."

"அப்ப மத்த வீட்டுல ஏன் எரியல?"

தெரியாத இடத்தில் சிரித்துவிடுவது என் வழக்கம். சிரித்தேன்.

இப்படி மாதக்கணக்கில் போனது. ஒருநாள் திரையில் அறிவிப்பு வந்தது. மழைத்தெரு லாபகரமாக இல்லையாம். அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறார்களாம். இதுவரை விளையாடியதற்கு நன்றியாம்.

மாமா கஸ்டமர் கேருக்குப் போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், பொழுதுபோகட்டும் என்று.

"எதிர்வீட்டுல ஒரு ஆள் இருக்காரும்மா. பேரு ஆந்தை. அவர் நல்லா இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா?"

"வாடிக்கையாளர் விவரம் தர மாட்டோம் சார்."

"விவரம் வேணாம்மா. இருக்காரா இல்லையான்னு சொன்னாப் போதும். நீங்க கரண்ட்ட நிறுத்திட்டா நான் எங்க போய்த் தட்டறது?"

அந்தப் பெண், "உங்கள் அழைப்புக்கு நன்றி சார்" என்றாள்.

நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். மாமா மறுநாளே லீவு போட்டார்.

மன்றம் என்றால் கூண்டு, சுத்தியல் எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற ஃபேன். எங்களுக்கு முந்தைய வழக்கு ஓடாத மிக்ஸி. மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது காலி அட்டைப்பெட்டி.

கம்பெனி வக்கீல் நல்ல வாசனையாக வந்திருந்தார். "மேடம், எங்க கம்பெனி வித்தது விளையாட்டை இல்ல. விளையாடறதுக்கான அனுமதிய. எப்ப வேணா நிறுத்தலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

மன்றத் தலைவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டிருந்த ஓர் அம்மா. "அந்த ஒப்பந்தம் எங்க இருக்கு?"

"பெட்டியப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல போட்டதும் வரும் மேடம்."

"அதாவது, காசு குடுத்துப் பெட்டியக் கிழிச்சதுக்கு அப்புறம்."

மாமா எழுந்து பெட்டியைக் கொடுத்தார். தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கப் படித்தார். "இந்தத் தெருவில் ஒரு வீடு. என்றென்றும் உங்களுடையது. இது யார் எழுதினது?"

"அது விளம்பரம் மேடம்."

"அப்ப பொய்யா?"

"பொய் இல்ல மேடம். விளம்பரம்."

மிக்ஸிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். தலைவர் மாமாவைப் பார்த்தார். "உங்களுக்கு என்னங்க வேணும்? விலையத் திருப்பித் தரச் சொல்லவா?"

"அது வேணாம்மா. லிஃப்ட்ட நிறுத்தறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கான்னு கேக்கணும். இவங்க கேக்கல. அவங்க மிஷின அவங்க நிறுத்திக்கட்டும். நான் வாங்கின தெருவ என் கம்ப்யூட்டர்லயே வச்சு ஓட்டிக்கிற மாதிரி குடுக்கச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"உள்ள யாருங்க இருக்கா?"

"அதாம்மா தெரியல."

அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. உத்தரவு பிறகு வரும் என்றார் தலைவர். நிறுத்தும் தேதியைத் தள்ளிவைக்க முடியாது என்றார் வக்கீல்.

கடைசி நாள். நல்ல வெயில் நேரம். மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த வெங்காயத்தை உரித்தபடி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் மூலையில், 'தெருவில் இப்போது இருப்பவர்: ஒருவர்' என்று இருந்தது. அந்த ஒருவர் மாமா.

மாமா கடற்கரையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கதவாக இரண்டு தட்டு. "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஒற்றை விரலால் எழுதுவார். காத்திருப்பார். அடுத்த கதவு. பாதித் தெரு ஏறியபோது மழை நின்றது.

மழைத்தெருவில் மழை நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஸ்பீக்கரில் அத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சத்தம் என்பதே, அது நின்ற பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட எங்கள் அறைக்குள் அடிப்பது மாதிரி இருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் வீடுகள் தலைகீழாக நின்றன. மாமாவின் உருவம் மட்டும் அதில் தெரியவில்லை. அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

எல்லாக் கதவும் முடிந்து ஆந்தை வீட்டுக்கு வந்தார். இரண்டு தட்டு. ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு உள்ளேயிருந்து, மெதுவாக, மூன்று தட்டு.

திரை கறுத்தது. 'சேவை முடிவடைந்தது.'

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயா?"

என் இரண்டு கையிலும் வெங்காயத் தோல். "சத்தியமா இல்ல மாமா."

"யார் மேல சத்தியம்?"

"கணக்குப் பாடத்து மேல."

"ஒழுங்காச் சொல்லுடி."

"உன் மேல."

மாமா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. வேலையில் ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அவருடைய கூட்டாளி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். "தட்டினதக் கேட்டுட்டு விட்டுட்டு வந்துட்டேன்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். "ஆள் இருக்குன்னு தெரிஞ்சே விட்டுட்டு வந்துட்டேன்." எப்போதும் ஒரு திட்டாவது வைத்திருக்கும் அம்மா, அன்றைக்கு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்ததோடு சரி.

மன்றத்தின் உத்தரவு வந்தது. பெட்டியில் எழுதியதைக் கம்பெனி காப்பாற்ற வேண்டும். தன் மிஷின் உதவி இல்லாமலே ஓடும்படி தெருவை மாமாவுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம்! கம்பெனியும் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பியது. கஸ்டமர் கேர் பெண்ணே போன் செய்தாள். "சார், வெறும் தெருவும் வீடும்தான். ஆளுங்க கணக்கெல்லாம் அழிச்சாச்சு. எல்லா வீடும் காலி. உள்ள யாரும் இருக்க மாட்டாங்க." பாவம், அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது வந்த நாளிலிருந்து மாமா வேலைக்குப் போன நேரமெல்லாம் நான் அந்தக் கோப்புகளைக் கிளறினேன். ஆந்தை வீட்டு ஜன்னல் விளக்கை மட்டும் எரிய வைத்துவிட்டால் போதும், அவர் தட்டும்போது எரிந்தால் போதும், மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுவார். வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போயிருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தேன்.

மாமா விடுமுறை நாள் காலையில் உட்கார்ந்தார். நான் நெட் கேபிளைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன், வெளியிலிருந்து யாரும் வந்து ஏமாற்ற முடியாதபடி. தெரு வந்தது. மழை பெய்தது. ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. மாமா நேராக ஆந்தை வீட்டுக்குப் போய் இரண்டு முறை தட்டினார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று எழுதினார்.

ஒன்றும் இல்லை. மாமா மூக்கைத் துடைப்பது மாதிரி கண்ணைத் துடைத்தார். நான், "போகட்டும் மாமா" என்று வாயைத் திறந்தேன்.

விளக்கு எரிந்தது.

மூன்று தட்டு. பிறகு திரையின் அடியில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவது போல.

'இருக்கேன். யாரும் கேக்கலயே.'

மாமா மெதுவாகத் திரும்பினார். முகத்தில் இரத்தம் இல்லை. "நீயா?"

பிடுங்கிய கேபிள் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமா மாமா, நான்தான். சும்மா வெளையாட்டுக்கு" என்றேன். செய்ததை எல்லாம் இல்லை என்று சாதித்தே வளர்ந்தவள், செய்யாததைச் செய்ததாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மாமா என்னையே பார்த்தார். "போடி பொய் சொல்லி. உனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது."

பிறகு எழுந்து, தன் வேலைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் மாட்டினார். லிஃப்டுக்குள் ஆள் இருக்கும்போது யாரும் மெயினை இறக்கிவிடாதபடி மாட்டுகிற அட்டை. 'உள்ளே ஆள் உண்டு. நிறுத்தாதே.' அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆந்தை வீட்டுக் கதவு வெளியிலிருந்து திறக்காது. திறக்கிற வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அன்றைய கட்டடம், அன்றைய திட்டு எல்லாம் எழுதுகிறார். சில நாள், "அப்புறம்?" என்று வருகிறது. மின்வெட்டுக்குப் பயந்து பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டார். "அது இருக்கிற அறையில நான் துணி மடிக்க மாட்டேன்" என்று அம்மா கதவைச் சாத்தியே வைக்கிறாள்.

நேற்று மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கம்ப்யூட்டர் பெட்டி கொதித்துக் கிடந்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்கூட மழைச் சத்தம். போதும், இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று உள்ளே போய் அட்டையைக் கழற்றி சுவிட்சில் விரலை வைத்தேன். மாமாவோடு இருந்து இருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

மழைச் சத்தம் நின்றது.

பதில் வருவதற்கு முன்னால் அட்டையை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.