பாறணைக்கு முன் கூழ்

ஓமானின் சோஹாரில் வெயில் போய்க் குளிர் வருவதற்கு நடுவில் ஒரு நல்ல காலம் உண்டு. அதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சுகந்தாவின் வீட்டில் அதற்கு ஜன்னல் திறக்கிற நாள் என்று பெயர். சித்திரையில் சாத்திய கண்ணாடிகளை ஐப்பசியில் ஒரு பின்னேரம் தள்ளித் திறப்பார்கள். ஆறு மாதத் தூசி பொலபொலவென்று சமையலறைக்குள் கொட்டும், பின்னாலேயே கடல்காற்று வரும், ஏசி ஒருவழியாக வாயை மூடும். அன்றைக்கே தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் கடற்கரை நடைபாதையில் மீன் சந்தை வரை நடந்துபோய், ஏலக்காய் போட்ட கரக் டீ குடித்துவிட்டுத் திரும்பி, பால்கனிக் கதவடியில் தரையில் உட்கார்ந்து ஒடியல் கூழ் குடிப்பார்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற கூழ். மகள் ஆரணி மூன்று கோப்பை குடித்துவிட்டுச் சட்டியையும் சுரண்டுவாள்.

இந்த வருஷம் ஜன்னல் திறந்தது. நடையும் நடந்தது. கூழ் மட்டும் காய்ச்சவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சுகந்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிள்ளை விரதம்" என்றாள்.

அப்படிச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போது தெரியவில்லையே, பாவி மனுசிக்கு!

சுகந்தா யாழ்ப்பாணத்து இணுவில்காரி. சோஹார் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சரக்குக் கிளியரிங் ஆபீசில் வேலை. கணவன் தாரகன் துறைமுகத்திலேயே ஷிப்ட் சூப்பர்வைசர். பதினைந்து வயது ஆரணி அவர்களுக்கு ஒரே பிள்ளை, அதுவும் கல்யாணமாகி நெடுநாள் வயிறு திறக்காமல் கிடந்து, கந்தசஷ்டி விரதம் பிடித்துப் பெற்ற பிள்ளை. அந்த நன்றிக்குச் சுகந்தா வருஷா வருஷம் சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பாள். ஏழாம் நாள் காலையில் குளித்து, சமைத்து, படைத்துச் சாப்பிடுகிற பாறணையோடுதான் வாயில் சோறு படும். காய்ச்சல் அடித்தபோதும் விட்டதில்லை. டூட்டிக்கு லீவு கிடைக்காதபோதும் விட்டதில்லை.

ஆடி மாத லீவுக்கு இணுவிலுக்குப் போனபோது ஒரு சின்ன விஷயம் நடந்தது. சின்னது என்றுதான் சுகந்தா நினைத்தாள். முற்றத்தில் எல்லாரும் கூடியிருக்க, மச்சாள், ஆரணிக்கு மாமி, பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடி சுகந்தா, உன்ர மகள் நல்லாய் ஊதிப்போட்டாள். பிளேனில ரெண்டு சீற்றோ எடுத்தனி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சுகந்தாவும் சிரித்தாள். சொந்தக்காரர் பகிடி விட்டால் சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா இருக்க முடியும்? ஆரணியும் ஏதோ சிரித்த மாதிரித்தான் இருந்தது.

புரட்டாதியில் கேதாரகௌரி விரதம் தொடங்குகிற நாளில் ஆரணி தானாகவே வந்து, "அம்மா, நானும் கௌரி விரதம் பிடிக்கப்போறன்" என்றாள். சுகந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்திலேயே கனவு காண்கிற பிள்ளை, தேவாரம் பாடச் சொன்னால் போனுக்குள் தலையைப் புதைக்கிற பிள்ளை, விரதம் பிடிக்கப் போகிறதாம்! உடனே குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். பகிடி விட்ட அதே மச்சாள் குரல்பதிவு அனுப்பினாள்: "நல்லூர்க் கோயிலடியில இருந்துகொண்டு எங்கட பிள்ளையள் பிடிக்குதுகள் இல்லை. நீ அரபுநாட்டில பிள்ளையை என்னமாய் வளர்த்திருக்கிறாய்! முகமும் நல்லாய் மெலிஞ்சு, வடிவாய் வந்திட்டுது." அந்தக் குரலை ஆரணி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பக்தி என்று நினைத்தாள் தாய்.

மேல்மாடியில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரி தாமரைக்கும் மலைப்பாகப் போயிற்று. "எங்க ஹர்ஷினிய சனிக்கிழமை ஒரு நாள் முட்டை இல்லாம இருக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருதுங்க. உங்க பொண்ணுக்குச் சுத்திப் போடுங்க சுகந்தா, கண்ணு பட்டுரும்" என்றாள். சுகந்தா அன்றைக்கே மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டாள்.

பொழுதுபட்டால் ஒருவேளை சாப்பிடலாம் என்பது விரதத்தின் முறை. சுகந்தா புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சுடச்சுட வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆரணி ஒரு வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு, "போதும் அம்மா, நடக்கப் போவமா?" என்பாள். நடக்கப் போனால் மீன் சந்தையோடு திரும்ப மாட்டாள். "இன்னொரு ரவுண்ட், அப்பா." தாரகனுக்கு முழங்கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். சுகந்தா மூச்சு வாங்க ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போவாள். நல்ல காற்று, விளையாடும் சின்னப் பிள்ளைகள், ஓரத்தில் இறைச்சி சுடும் புகை. போன வருஷம் போனை விட்டு அசையாத பிள்ளை இன்றைக்குத் தன்னை முந்தி நடக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

தீபாவளிக் காலையில்தான் கண் திறந்தது. முழுக்குக்காக எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு ஆரணியைப் பிடித்து இருத்தினாள். பிள்ளை துவாயை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, "நானே வைக்கிறன், விடுங்கோ" என்று மன்றாடியது. "சும்மா இரு, வருஷத்தில ஒருநாள்" என்று துவாயை விலக்கினாள் தாய். முதுகெலும்பு கணுக்கணுவாக விரலில் தட்டிற்று. தலையில் எண்ணெயைத் தேய்த்த கையோடு முடி கொத்தாக வந்தது.  பெற்ற பிள்ளையின் உடம்பை மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்திருக்கிறோம், பிள்ளை போட்டுத் திரிந்த தொளதொளச் சட்டையைக் கண்டு ஏமாந்திருக்கிறோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அன்று பின்னேரம் கௌரி காப்பு கட்டினார்கள். மணிக்கட்டில் கட்டிய நூல் நிற்காமல் முழங்கை வரை ஓடி விழுந்தது. சுகந்தா இன்னொரு முடிச்சுப் போட்டாள். விரதம் முடிந்ததுதானே, நாளையிலிருந்து ஊட்டியாவது விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் சஷ்டி தொடங்கியது. "நானும் உங்களோட பிடிக்கிறன், அம்மா."

"வேண்டாம் குஞ்சு. உடம்பு தாங்காது."

"முருகனுக்கு விரதம் பிடிக்க வேண்டாமெண்டோ சொல்லுறீங்கள்? நீங்க சாப்பிடாமல் இருந்தால் பக்தி. நான் இருந்தால் மட்டும் கூடாதோ?"

 வேண்டாம் என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளையைத் தந்த முருகனின் விரதத்தைப் பிடிக்காதே என்று அந்தப் பிள்ளையிடமே சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சாமி கோவித்துக்கொண்டால்? "சரி, ஆனா வேளைக்கு வேளை பால் குடிக்கவேணும்" என்று ஒத்துக்கொண்டாள். ஆரணி பெரிய டம்ளரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், காற்று வாங்கியபடி குடித்துவிட்டு, வெறும் டம்ளரைக் கொண்டுவந்து காட்டினாள்.

நாலாம் நாள் ஜன்னல் வழியே புளித்த வாடை அடித்தது. சுகந்தா மோப்பம் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கறிவேப்பிலைச் சாடியில் மண் வெள்ளையாகப் பூத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. கொடுத்த பால் முழுவதும் அந்தச் செடிக்குப் போயிருந்தது.

 தகப்பனுக்கு முன்னால் கேட்டால் பிள்ளை குன்றிப்போகும் என்று பின்னேர நடைவரை பொறுத்திருந்தாள். நடைபாதையில் தாரகன் பெஞ்சில் உட்கார்ந்ததும் மகளின் பக்கத்தில் போய், "ஆரணி, பால் எங்கயடி போனது?" என்றாள்.

ஆரணி நடையை எட்டிப் போட்டாள்.

"நில்லு பிள்ளை! அம்மா ஏசேல்லை. நில்லு!"

பிள்ளை ஓடத் தொடங்கிற்று. நாலு நாளாகச் சாப்பிடாத தாய், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்றே தெரியாத மகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். இறைச்சி சுடுகிற இடத்துக்குக் கிட்ட ஆரணி நின்றாள். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்படியே சரிந்து விழுந்தாள். கடைக்காரர் விசிறியை எறிந்துவிட்டு ஓடிவந்து தூக்கினார். "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்திக் கார்களைப் பார்த்துக் கத்தினார். அவர் கையில் பிள்ளை ஒரு சால்வை அளவுக்குத்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸஹ்ரா நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயம் துடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "இவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விரதம்" என்று தொடங்கினாள் சுகந்தா.

"நோன்பு எனக்கும் தெரியும், சகோதரி. இது நோன்பு இல்லை, வியாதி. இதயத்தைத் தொட்டுவிட்டது." மறுநாள் மத்தியானம் வரை சேலைன் ஏற்றிவிட்டு வீட்டுக்கு விட்டார். மஸ்கட்டில் இதற்கென்றே இருக்கிற டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தார். "அதுவரை அவளுக்குப் பிடித்தது எதுவோ, கொஞ்சம் கொஞ்சமாக வாயால் போக வேண்டும். இன்று பொழுதுபடுவதற்குள் ஒன்றும் போகவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள். மூக்கால் குழாய் விட வேண்டிவரும். தாமதித்தால் நான் எதற்கும் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

காரில் பின்சீட்டில் ஆரணி கண்ணை மூடிக் கிடந்தாள். கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும், "இஞ்சரப்பா, மீன் சந்தையில நிப்பாட்டுங்கோ" என்றாள் சுகந்தா.

தாரகன் திரும்பிப் பார்த்தான். "மீனோ? இண்டைக்கோ? நாளைக்கெல்லோ சூரன்போர்?"

"ஓம், இண்டைக்குத்தான். நண்டும் வாங்குங்கோ."

சாமி படத்துக்கு முன் கும்பம் வைத்த வீட்டில், சஷ்டி ஐந்தாம் நாளில், நண்டு உடைகிற சத்தம் கேட்டது. சுகந்தா ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தாள். மாடி முழுக்க மீன் வாசம் போகட்டும். தாமரைக்குத் தெரியட்டும், இணுவில் வரைக்கும் தெரியட்டும். மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டாள். உறைப்பை மட்டும் குறைத்து, ஒடியல் மாவைக் கரைத்துவிட்டுத் துழாவினாள். கண்ணீர் சட்டிக்குள் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

பால்கனிக் கதவடியில் ஆரணியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கூழைக் கண்டதும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் விரதம். நீங்களும் விரதம்."

சுகந்தா கும்பத்தைப் பார்த்தாள். "முருகா, நீ தந்த பிள்ளை. கோவமெண்டால் என்னோட கோவி" என்று சத்தமாகவே சொன்னாள். கோப்பையை எடுத்தாள். ஆரணி பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் முறியாத விரதத்தை, பாறணைக்கு முன்னால், மீன் கூழால் முறித்தாள். அந்த ஒரு மிடறு தொண்டையில் நெருப்பாக இறங்கிற்று. தாரகன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

ஆரணி மிரண்டுபோய்ப் பார்த்தாள். "அம்மா! ஏனம்மா?"

"உனக்குத்தான் பிடிச்சனான். நீயே இல்லாட்டி எனக்கு என்னத்துக்கு விரதம்? ஒரு வாய், செல்லம். ஒரே ஒரு வாய். அம்மா கால்ல விழட்டோ?" சொல்லிக்கொண்டே உண்மையாகவே குனிந்து பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டாள். ஈர்க்குப் போல இருந்தது கணுக்கால்.

"விடுங்கோ அம்மா, விடுங்கோ!" காலை இழுத்துக்கொண்டு ஆரணி விம்மினாள். "சாப்பிட்டால் நான் திரும்பவும் ஊதிப்போடுவன். எல்லாரும் சிரிப்பினம்."

"ஆர் சிரிக்கிறது? ஆரெண்டாலும் நான் கேட்கிறன்."

ஆரணி தாயை நேராகப் பார்த்தாள். "மாமி சொல்லேக்க, நீங்கதான் முதல் சிரிச்சனீங்கள்."

 இணுவில் முற்றம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எல்லாருக்கும் முன்னதாக எழுந்த தன் சிரிப்பு இப்போதுதான் காதில் விழுந்தது. 

"ஓம்" என்றாள். "நான்தான் சிரிச்சனான்."

 கடலுக்கு மேலே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கீழே நடைபாதையில் குடும்பங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போயின. டாக்டர் சொன்ன பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் தாரகன் கார்ச் சாவியைக் கையில் எடுப்பது கேட்டது.

ஆரணி கோப்பையை இழுத்தாள். கரண்டியால் அள்ளிய கூழில் பாதி மடியில் சிந்திற்று. மிச்சத்தை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். துப்பி விடுவாளோ என்று சுகந்தா மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு அது ஒருமுறை ஏறி இறங்கிற்று.

ஆரணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஆறிப்போச்சு" என்றாள், அழுதுகொண்டே.

சுகந்தா விழுந்தடித்து எழும்பி, சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள்.