வாசலைப் பார்த்துத் திரும்பிய ஸ்கூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ் டிவிசனில் இருக்கும் பாடசாலைக்குக் கணித ஆசிரியையாக மாற்றலாகி வந்து எனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர் கினிகத்தேனை. கணவருக்குக் கொழும்பில் வேலை. ஐந்து வயது மகளை என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து, ஹட்டனில் மாறி, நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுவாள். அதற்காகவே லீசிங்கில் ஒரு ஸ்கூட்டர் எடுத்தேன். அது போனால் என் மகளை விழித்திருக்கும்போது பார்க்கிற பாக்கியமும் போய்விடும். என் நிலைமை அவ்வளவுதான்.

லீசிங் வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட்டே ஆகவேண்டும். ஹட்டனிலிருந்து முகவர் ஒருவர் படிவத்தோடு பாடசாலைக்கே வந்தார். எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர் ஒரு கேள்வியில் நின்றார்.

"ராவுல வண்டி எங்க மிஸ் நிப்பாட்டுவீங்க?"

"வீட்லதான்" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

அவர் தலையைத் தூக்கி என் குவாட்டர்ஸைப் பார்த்தார். ரோட்டிலிருந்து அங்கே போக ஐம்பத்திரண்டு படி. "தூக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். உண்மையில் வண்டி நிற்பது கீழே, காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரம். அதெல்லாம் சரிவராது என்றார். கூரை இருக்கவேண்டும், கதவு இருக்கவேண்டும், பூட்டியிருக்கவேண்டும், சாவி என்னிடம் மட்டும் இருக்கவேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டோரம் விட்டு வண்டி களவு போனால் ஒரு சதமும் கிடைக்காது. இடத்தை ஏற்பாடு செய்துகொண்டு, வண்டியை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

ரோட்டை ஒட்டி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா, ஓர் அறையும் அடுப்படியுமான வீடு, காலியாகக் கிடந்தது. கல்யாணம் முடித்த மகனுக்கு ஒரு காம்பரா கிடைக்காமல் சேலையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் நடத்துகிற இடத்தில், ஒரு முழுக் காம்பரா ஏன் காலியாகக் கிடக்கிறது? பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இந்தச் சின்னக் கணக்கு ஓடவில்லை. தோட்ட ஆபீஸில் போய்க் கேட்டேன். கிளாக்கர், "அந்தக் காம்பராவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, வேறொன்றும் பேசாமல் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கதவுக்குக் கொண்டி அடித்துத் தந்தவர் தோட்டத்துக் கட்டட வேலைகளைப் பார்க்கும் மேசன். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். எல்லாம் முடித்து உளியைத் துடைத்துக்கொண்டே ஒரேயொரு கேள்வி கேட்டார். "வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டுவீங்க டீச்சர்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னண்ணே, மழை படாம இருந்தாச் சரி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று நாலு மணிக்கு வண்டியை உள்ளே தள்ளி, சுவரைப் பார்த்தபடி நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். படம் எடுத்து அனுப்பினேன். பின்புறம் அடுப்படிக் கதவின் மரத்தாழ்ப்பாளைப் போட்டு, முன்கதவையும் பூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஸ்கூட்டரின் ஹெட்லைட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்தான் அப்படி நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் போனில் படம் இருக்கிறதே. எடுத்துப் பார்த்தேன். படத்தில் வண்டியின் முகம் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடி. அடுப்படித் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. சாவி என் கைப்பையில்.

அன்று மாலை வகுப்பிலிருந்து சோக்கட்டியைக் கொண்டுபோய், வண்டியை மறுபடி சுவரைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு வந்தேன். காலையில் சோக்கட்டிக் கோடு அழியாமல் கிடந்தது, சக்கரம்தான் அங்கே இல்லை. சீமெந்துத் தரையில் ஸ்டாண்ட் உராய்ந்த கீறல் பாதி வட்டமாக விழுந்திருந்தது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கூரைத் தகரத்திலிருந்து பனித்துளி சொட்டி வண்டி முழுக்க ஈரம். பின்சீட்டை மட்டும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிள்ளைகளைக் கேலி செய்கிறவள் நான். மூன்றாம் நாள் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டுதான் அந்தக் கதவைத் திறந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. பேயை விட இன்னொரு பயமும் இருந்தது. உள்ளே யாரோ வந்து போகிறார்கள் என்றால் நான் போட்ட கையெழுத்து பொய். வண்டி போனால் என் வெள்ளிக்கிழமையும் போச்சு. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக வந்த டீச்சருக்குப் பைத்தியம் என்று பேராகிவிடக் கூடாது பாருங்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, வண்டியை வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நிறுத்தியபோது, திருத்தவேண்டிய கொப்பிகளை சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறரை மணி இருக்கும். மிஸ்ட் இறங்கி லயமே தெரியவில்லை. படியிறங்கிப் போய், சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளேயிருந்து ஸ்டாண்ட் தரையில் உராயும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு இழுப்பு.

ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஆனாலும் கதவோடு ஒட்டி நின்றேன். பிறகு ஒரு ஆணின் குரல். சத்தமில்லாத, பிரியமான குரல்.

"ஏறிட்டியா? சேலய ஒதுக்கிக்க. சக்கரத்துல மாட்டிக்கப் போவுது."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. யாரோ பதில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பது போன்ற மௌனம் அது. பிறகு, "ம்" என்றார். "இல்ல இல்ல. இப்ப வண்டி நேராத்தான் நிக்கிது. இந்தா, போயிரலாம்."

கதவுப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தேன். சின்ன டோர்ச் ஒன்று தரையில் எரிந்துகொண்டிருந்தது. மேசன் என் ஸ்கூட்டரின் பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறவில்லை. தலையைத் திருப்பி, காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அங்கே நான் பார்க்காத ஒருவர் இருக்கிறார் என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. கொப்பியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஐம்பத்திரண்டு படியையும் மூச்சு வாங்க ஏறினேன்.

மறுநாள் காலை, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கொழுந்தெடுக்கிற அக்காவிடம் கேட்டேன். அவர் முதலில் என்னை வித்தியாசமாகப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம் டீச்சர்" என்றார்.

அது மேசனும் மனைவியும் வாழ்ந்த காம்பரா. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள் விடியலில் அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்து துடித்திருக்கிறார். வாசலில் மேசனின் தம்பியுடைய ஆட்டோ நின்றது, முகம் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. அந்தக் குறுகிய சேற்று வாசலில் அவசரமாகத் திருப்பப் போய், பின்சக்கரம் வாசலோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கி எடுத்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் வழியிலேயே பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மேசனும் அங்கே இருக்கவில்லை, வேறு யாரும் குடிவரவும் இல்லை.

"செத்த வீட்ல எவனோ ஒருத்தன் சொல்லிட்டான், வண்டி மொகத்த ரோட்டுப் பக்கம் வச்சிருந்தா பொழச்சிருக்கும்னு. அன்னையிலேர்ந்து இப்பிடித்தான். பகல்ல நல்ல மனுசன். பொழுது சாஞ்சா எந்த வண்டி சொவரப் பாத்து நின்னாலும் வந்து திருப்பி வச்சிருவாரு. நம்ம டிவிசன்ல எல்லா ஆட்டோவும் மொகத்த ரோட்டுப் பக்கம் வச்சித்தான் நிக்கிது. நீங்க கவனிக்கலையா?"

கவனித்திருக்கிறேன். நல்ல ஒழுங்கான டிரைவர்கள் என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன். அடுப்படித் தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தூக்கவும், மறுபடி போடவும் அந்த வீட்டில் வாழ்ந்தவருக்குத் தெரியாதா?

அந்த வார இறுதியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்த மனிதருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. திங்கட்கிழமை மாலை நானே வண்டியைத் திருப்பி, முகம் வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு வந்தேன். இனி அவர் ஏன் கஷ்டப்படவேண்டும் என்று நினைத்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்டது போல அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை மேசன் பெரட்டுக்களத்தில் எனக்காகக் காத்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"வண்டிய நீங்களே திருப்பி வச்சிட்டீங்கபோல டீச்சர்."

"ஆமாண்ணே. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்னு…"

"எனக்கு என்னா டீச்சர் செரமம்" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ வந்து நிக்கிறா. வண்டி ஏற்கனவே திரும்பி நிக்கிது. நான் என்ன செய்யிறதுன்னு தெரியல. சும்மா நிக்கிறேன். அவளும் நிக்கிறா."

நான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அன்று விடியலில் தப்பிப்போன ஒரு காரியத்தை அவர் ஒவ்வொரு நாளும் சரியாகச் செய்துகொண்டிருந்தார். நல்லது செய்கிறேன் என்று போய் அதைப் பிடுங்கிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, நீங்க எதுக்கு டீச்சர்" என்றார்.

அன்று மாலை வண்டியைப் பழையபடி சுவரைப் பார்த்து நிறுத்தினேன். கதவுப் பூட்டின் இரண்டு சாவியில் ஒன்றை அவரிடமே கொடுத்து, "முன்வாசலாலேயே வாங்கண்ணே" என்றேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளே அடுப்படிக் கதவை யாரும் திறக்க முடியாதபடி கல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். பூச்சுக்கூட அவ்வளவு சுத்தம்.

பிறகு முகவருக்குப் போன் எடுத்தேன். சாவி இன்னொருவரிடமும் இருக்கிறது, அதைப் படிவத்தில் போடவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நான் பொய்க்காரி ஆகிவிடுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதெல்லாம் எழுத ஏலாது மிஸ். அந்தாளுக்கு அங்க என்னா வேலைன்னு போடட்டும்?"

"வண்டியத் திருப்பி வைக்கிறது" என்றேன்.

"பராமரிப்பவர்னு போட்டுருவோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நம்ம பைக்கையும் இன்னைக்கு வெளிய பாத்து நிப்பாட்டணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கம்பெனி ஏற்றுக்கொண்டது. என் வெள்ளிக்கிழமைகளுக்கும் குறைவில்லை. அந்தக் காம்பராவுக்குள் மாலையில் யார் வருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று இன்றுவரை நான் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கிற தைரியமும் இல்லை, உரிமையும் இல்லை. பகலெல்லாம் பிள்ளைகளுக்குச் சரி, பிழை போட்டுவிட்டு வருகிற நான், ஒவ்வொரு மாலையும் தெரிந்தே ஒரு பிழையைச் செய்து, அதைத் திருத்த இன்னொருவருக்காக விட்டுவிட்டு வருகிறேன்.