வாசலுக்கு வராத ரோஜா நிறம்

அறுபதுகளில் என் வீட்டுக்காரருக்குக் கொடைக்கானல் பஜாரில் ஜவுளிக்கடை. மேகம் இறங்கிவிட்டால் கடைக்குள் எல்லாச் சேலையும் ஒரே நிறம்தான். வந்தவர்கள் முகம் சுளித்தால், "கலர் சேலையில இருக்குங்க, இங்க வெளிச்சம்தான் பத்தல" என்று வாசலுக்குத் தூக்கிப்போய் விரிப்பார். வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில், நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் ஒன்றின் கலர் படத்தைப் பார்த்துவிட்டார். ரோஜா நிற உடல், ஊதாக் கரை. நேரில் பார்த்தே தீரவேண்டுமென்று, ஒரு தை மாதத்தில், இருட்டியதும், மலைமேல் தொலைநோக்கி வைத்திருந்த இடத்துக்கு என்னையும் இழுத்துப்போனார்.

பார்த்தவர் முகம் தொங்கிப்போயிற்று. "என்னங்க, சாயம் போன கைலி மாதிரி கெடக்கு?" என்று அங்கிருந்த அதிகாரியிடமே கேட்டார்.

"கலர் அங்க இருக்குங்க. நம்ம கண்ணுக்கு இந்த வெளிச்சம் பத்தல. ஃபிலிம் ரொம்ப நேரம் வெளிச்சத்தைச் சேர்த்து வாங்கிக்கிறதால படத்துல தெரியுது" என்றார் அவர்.

இறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க பேச்சைத்தான அவரும் பேசுனாரு" என்றேன்.

"பேசுனாரு. ஆனா நான் வாசல்ல கொண்டுபோய் விரிச்சுக் காட்டுவேன்ல."